பிறர் சொல்லும் தன் குரலும்
ஜோன் பாயெஸ் பாடிய டிலன் பாடல்கள் - ஒரு திறனாய்வு

பழைய அரபுக் கவிதையைக் கற்பிக்கத் தொடங்கும்போது மாணவர்களுக்கு நான் முதலில் விளக்குவது ‘ராவி’ என்னும் சொல்லைத்தான். கவிஞன் பாட்டைக் கட்டுவான். அதை நெஞ்சில் ஏற்று, சந்தைதோறும் பாளையந்தோறும் கொண்டு சென்று ஒப்பிப்பவன் ராவி. ஏட்டை நம்பாமல் நாவை நம்பிய அக்காலத்தில் கவிஞனின் புகழும் வாழ்வும் ராவியின் வாயில் இருந்தன. அவ்ஸ் இப்னு ஹஜருக்கு ஸுஹைர் ராவியாக இருந்தார். ஸுஹைருக்கு ஹுதைஆ ராவியானார். ஜமீலுக்குக் குதய்யிர் வாய்த்தார். ராவி என்பவன் வெறுஞ் சுமையாளன் அல்லன். எதைப் பாடுவது, எதை விடுவது, எந்தச் சொல்லில் குரலை நிறுத்துவது என்று தேர்பவனும் அவனே. ஆகவே ராவியைக் குறித்து இரண்டு வினாக்கள் எப்போதும் எழும். ஒன்று, அவன் நம்பத் தக்கவனா? மற்றொன்று, அவன் நாவில் பாட்டு உயிரோடு இருக்கிறதா?

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகவும் கூடும் என்பதை அப்பாஸியர் காலத்துப் பக்தாத் நன்கறியும். ஹாரூன் அல்ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்திக்கும், இசைவாணர் இஸ்ஹாக் அல்மவ்ஸிலீக்கும் இடையே நடந்த நெடிய வழக்கை அபுல் ஃபரஜ் அல்இஸ்பஹானீ தம் ‘கிதாபுல் அகானீ’யில் பதிந்து வைத்திருக்கிறார். முன்னோர் அமைத்த இசையை அமைத்தவாறே பாட வேண்டும் என்பது இஸ்ஹாக்கின் கட்சி. பாடுகிறவன் தன் குரலுக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப மாற்றிக் கொள்ளலாம் என்பது இப்ராஹீமின் கட்சி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த வழக்கிற்குத் தீர்ப்பு எழுதப்படவில்லை. பிறர் பாட்டைப் பாட வாய் திறக்கும் ஒவ்வொருவரும் அவ்வழக்கின் ஏதோ ஒரு தரப்பில் போய் நின்று கொள்கிறார்கள்.

இவ்வளவும் நினைவுக்கு வந்தது, வெளிநாட்டில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது எனக்குக் கேட்கத் தந்த ஓர் அமெரிக்க இசைத்தொகுப்பினால். நாட்டுப்பாடகி ஜோன் பாயெஸ், கவிஞர் பாப் டிலனின் பாடல்களை மட்டுமே பாடி, 1968 டிசம்பரில் வேன்கார்ட் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ‘எனி டே நவ்’ என்னும் இரட்டை இசைத்தட்டு அது. ‘இனி எந்த நாளும்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பதினாறு பாடல்கள், அனைத்தின் சொற்களும் ஒரே ஒருவர் எழுதியவை. “ஹழரத், நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த ராவி இந்த அம்மாதான்” என்றார் மாணவர். அவர் சொன்னது சரியா என்று பார்க்கவே இக்கட்டுரை.

அரபுப் பாடம் சொல்பவனுக்கு இந்தப் பாட்டில் என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. இந்தப் பாடகியின் மனம் உருவான இடங்களில் ஒன்று பக்தாத். 1941 இல் நியூயார்க்கில் பிறந்த பாயெஸின் தந்தை ஆல்பர்ட் பாயெஸ், மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற இயற்பியலறிஞர். 1951 இல் அவர் யுனெஸ்கோ பணியாக ஈராக் சென்றபோது குடும்பமும் உடன் சென்றது. அங்கே தான் கண்ட வறுமையை, அப்போது பத்து வயதுச் சிறுமியாயிருந்த பாயெஸ், 1987 இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் மறவாமல் எழுதியிருக்கிறார். பின்னாளில் அநீதியின் முன் வாய் மூடி இருக்க முடியாதவராக அவர் ஆனதற்கு அந்நகரத்துத் தெருக்களும் ஒரு காரணம்.

கவிஞரும் பாடகியும்

டிலன் 1941 மே 24 அன்று மின்னசோட்டா மாநிலத்து டுலூத்தில் பிறந்து, இரும்புச் சுரங்க ஊராகிய ஹிப்பிங்கில் வளர்ந்தவர். 1960 இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, 1963க்குள் நாடறிந்த பாடகியாகிவிட்ட பாயெஸ், அப்போது புகழின் வாயிலில் நின்றிருந்த இந்த இளைஞரைத் தம் மேடைகளுக்கு அழைத்து வந்து தம் கூட்டத்தாருக்கு அறிமுகப்படுத்தினார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூடிய பெரும் பேரணியில் இருவரும் பாடினர். அவர்களுக்கிடையே காதலும் இருந்தது. 1965 இல் டிலன் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது பாயெஸும் உடன் சென்றார். ஆனால் மேடைக்கு அவரை டிலன் அழைக்கவில்லை. தாம் முன்பு செய்ததற்கு ஈடாக எதிர்பார்த்த அந்த ஓரழைப்பு வரவேயில்லை. அவ்வாண்டு நவம்பரில் டிலன் வேறொரு பெண்ணை மணந்தார்.

பாதையும் பிரிந்தது. பாயெஸ் வியட்நாம் போரை எதிர்த்து, 1967 இல் ஓக்லண்ட் நகரத்துப் படைச்சேர்ப்பு நிலையத்தின் வாயிலை மறித்துச் சிறை சென்றார். டிலனோ 1966 ஜூலையில் நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் ஊர்சுற்றலை விட்டு ஒதுங்கி வாழ்ந்தார்; போரைக் குறித்து மேடையேறிப் பேசவில்லை. தம்மைக் கைவிட்டவர், தாம் உயிராகக் கருதிய போராட்டத்திற்கும் வராதவர்; அத்தகையவருடைய பாடல்களைத்தான் பாயெஸ் 1968 செப்டம்பரில் நாஷ்வில் நகரத்து இசைக்கூடத்தில் அமர்ந்து பாடினார். இந்தத் தொகுப்பைக் கேட்கும்போது நாம் மறக்கலாகாத செய்தி இதுவே.

ராவி செய்த உதவி

முதலில் ராவியின் எளிய கடமையைப் பார்ப்போம்: பாட்டை அழியாமல் காத்துக் கொண்டு சேர்ப்பது. அக்கடமையில் பாயெஸ் குறை வைக்கவில்லை. இத்தொகுப்பின் பதினாறில் பல, அன்று டிலனின் குரலில் கடைகளில் கிடைக்காதவை. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட சிறுவர்களைப் பற்றிய ‘வால்ஸ் ஆஃப் ரெட் விங்’ என்னும் பாட்டின் டிலன் பதிவு 1991 இல்தான் வெளிவந்தது. ‘ஐ ஷல் பீ ரிலீஸ்ட்’ என்னும் சிறைப்பாட்டை டிலனின் குரலில் மக்கள் இசைத்தட்டில் கேட்டது 1971 இல். ‘லவ் இஸ் ஜஸ்ட் எ ஃபோர் லெட்டர் வேர்ட்’ என்னும் பாட்டை அவர் தம் தொகுப்பு எதிலும் சேர்க்கவே இல்லை. 1965 பயணத்தைப் படம்பிடித்து 1967 இல் வெளிவந்த ஆவணப்படத்தில், பாயெஸ் அதன் ஒரு பகுதியை விடுதி அறையில் பாடுவதையும், இதை எழுதி முடித்தால் நான் இசைத்தட்டில் பாடுவேன் என்ற கருத்துப்பட டிலனிடம் சொல்வதையும் காணலாம். சொன்னபடியே பாடினார். எழுதியவரே கைவிட்ட பாட்டு, பாடியவரால் உலகுக்குக் கிடைத்தது. இதைவிட ராவிக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அழகு செய்யும் துரோகம்

ஆயினும் பாட்டு என்பது அமானிதம். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்ப்பது ஒரு பாதி. அதன் எடை குறையாமல் சேர்ப்பது மறுபாதி. இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

டிலனின் குரல் கரடுமுரடானது, மூக்கால் வருவது, சொல்லைக் கடித்துத் துப்புவது. பாயெஸின் குரலோ பளிங்கு. உச்சத்தில் மெல்ல நடுங்கித் தெளிந்து நிற்கும் அந்தக் குரலின் அழகை மறுப்பார் இல்லை. கசப்பையும் ஏளனத்தையும் சொல்ல எழுந்த சொற்களை இத்தகைய குரலில் ஊற்றும்போது நேர்வது என்ன? வேப்பங்கொழுந்தைத் தேனில் குழைத்தது போல, மருந்து இனிக்கிறது. ஆனால் மருந்தாக இருக்கிறதா என்னும் ஐயம் எழுகிறது.

எடுத்துக்காட்டாக ‘டிரிஃப்டர்ஸ் எஸ்கேப்’. தன் குற்றம் இன்னதென்று அறியாமலே வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்ட நாடோடி ஒருவன், நீதிமன்றத்தின் மேல் இடி விழுந்த குழப்பத்தில் தப்பியோடும் கதை. டிலன் 1967 இல் வெளியிட்ட ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ தொகுப்பில் இரண்டே கருவியாளர்களின் துணையோடு, மூச்சுமுட்டும் அவசரத்தில் இதைப் பாடினார். அத்தொகுப்பில் மத்தளம் வாசித்த கென்னத் பட்ரியும், எஃகுக் கிதார் வாசித்த பீட் டிரேக்கும் பாயெஸின் தொகுப்பிலும் இருக்கிறார்கள். கைகள் அவையே, ஊரும் அதுவே. எனினும் பாயெஸின் பாட்டில் அச்சம் இல்லை. வாத்தியங்கள் திண்ணையில் சாய்ந்து அமர்ந்தாற்போல் இளைப்பாறுகின்றன. ஓடுகிறவனின் கால் தரையில் படவே இல்லை.

‘ஐ பிட்டி த புவர் இமிக்ரன்ட்’ என்னும் பாட்டு இன்னும் நுட்பமானது. பிழைக்க வந்த குடியேறியின் மீது இரங்குவதாகத் தொடங்கும் டிலன், இரக்கத்துக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டையும் மறைத்து வைக்கிறார். அந்த மனிதனின் பேராசையையும் நிறைவின்மையையும் எண்ணி எண்ணிக் காட்டுகிறார். அங்கே இரக்கம் ஒரு கண்ணாகவும் கண்டனம் மறு கண்ணாகவும் இருக்கின்றன. குடியேறியின் மகளாகிய பாயெஸ் பாடும்போது கண்டனக் கண் மூடிக்கொள்கிறது. இரக்கம் மட்டும் பெருகுகிறது. கேட்பவர் உள்ளம் உருகும் என்பது உண்மையே. ஆனால் கவிஞர் நம்மை உருக வைக்க மட்டுமா எழுதினார்? நம்மைக் கூசவும் வைக்க அன்றோ எழுதினார்! இவ்விடத்தில் ராவி, தம் நல்ல உள்ளத்தாலேயே பாட்டுக்குக் குறை செய்துவிட்டார்.

கூற்று மாறும் இடங்கள்

இதுவரை சொன்னவை குறைகள். இனிச் சொல்லப்போவதே இத்தொகுப்பை நான் திரும்பத் திரும்பக் கேட்கக் காரணமானது.

நம் தமிழ் இலக்கணத்தார் அகப்பாட்டைக் ‘கூற்று’ வகையால் பிரித்தனர். பாடியவர் ஆணா பெண்ணா என்பதை விட, பாட்டுக்குள் பேசுவது தலைவியா, தலைவனா, தோழியா, தாயா என்பதே அவர்களுக்கு முதன்மை. ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுவது நமக்குப் புதிதன்று. இந்தக் கண்ணோடு பார்த்தால் பாயெஸின் பெரிய வெற்றிகள் எல்லாம் கூற்று மாறிய இடங்களிலேயே நிகழ்ந்திருப்பது விளங்கும்.

‘நார்த் கன்ட்ரி ப்ளூஸ்’, டிலன் தம் ஊர்ப்பக்கத்து இரும்புச் சுரங்கங்களை நினைந்து எழுதி 1964 இல் வெளியிட்ட பாட்டு. தந்தையையும் தமையனையும் சுரங்கத்துக்குக் கொடுத்த ஒருவர், வெளிநாட்டில் குறைந்த கூலிக்குத் தாது கிடைப்பதால் சுரங்கம் மூடப்பட்டு ஊரே பாழாவதைச் சொல்கிறார். பேசுபவர் ஒரு பெண் என்பது பாட்டின் நடுவில், பள்ளியை விட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவனை மணந்ததாக அவர் கூறும்போதுதான் தெரிகிறது. டிலன் பாடும்போது அது திடுக்கிட வைக்கும் ஒரு திருப்பம். பாயெஸ் பாடும்போதோ முதற்சொல்லிலிருந்தே அது பெண்ணின் சொல். திருப்பம் போயிற்று, ஆனால் அதற்கு ஈடாக வேறொன்று வந்தது. கதையைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த நாம், கதைக்குரியவளின் முன்னால் போய் அமர்ந்துவிடுகிறோம். கணவன் குடித்துச் சீரழிந்து ஒரு காலை எழுந்து பார்க்கையில் இல்லாமற் போனதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்லும்போது, பாயெஸ் தம் குரலின் அழகையும் ஒடுக்கிக்கொள்கிறார். பளிங்கு இங்கே கருங்கல் ஆகிறது. பிழைப்புக்காகப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதை அறிந்த எந்தத் தாய்க்கும் இப்பாட்டை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’ இன்னொன்று. டிலன் சொல் எழுத, ரிச்சர்ட் மானுவல் இசையமைத்தது. தன்னைப் புறக்கணித்த மகளை நோக்கித் தந்தை ஒருவன் வெதும்பிப் பேசுவது அது. இதை ஒரு பெண், அதாவது ஒரு மகள், எந்த வாத்தியமும் இல்லாமல் வெறுங்குரலால் பாடுகிறார். தந்தையின் குற்றச்சாட்டை மகளின் வாய் தாங்கி வருகிறது. குற்றம் சாட்டுகிறவரும் சாட்டப்படுகிறவரும் ஒரே தொண்டையில் சேர்ந்துவிட்டனர். 1968 இல் அமெரிக்க வீடுகள்தோறும் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே போரின் பொருட்டு நடந்த சண்டை முழுவதும் இந்தத் தனிக்குரலுக்குள் அடங்கிவிட்டது போலத் தோன்றுகிறது. பாட்டின் ஒரு சொல்லையும் அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாடுகிறவர் இன்னார் என்பதே பொருளை மாற்றிவிட்டது. இஸ்ஹாக்கும் இப்ராஹீமும் இதைக் கேட்டிருந்தால், தம் வழக்கில் இப்படியும் ஒரு வழி உண்டென்று ஒப்பியிருப்பர்.

‘ஐ ஷல் பீ ரிலீஸ்ட்’ பாட்டுக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை நிற்கிறது. இசைத்தட்டின் பெயரே இப்பாட்டின் பல்லவியிலிருந்து எடுக்கப்பட்டது. 1968 மார்ச்சில் பாயெஸ் மணந்த டேவிட் ஹாரிஸ், கட்டாயப் படைச்சேர்க்கையை மறுத்தவர். அதற்காக 1969 ஜூலையில் சிறை புகுந்தவர். விடுதலையைப் பற்றிய பாட்டை, கணவர் சிறை செல்லும் நாளை எதிர்நோக்கியிருந்த பெண் பாடுகிறார். பெயரில் உள்ள ‘எந்த நாளும்’ விடுதலை நாளையும் குறிக்கும். சிறை நாளையும் குறிக்கும்.

கடினமான அமானிதம்

தொகுப்பில் மிக நீண்டது ‘ஸாட் ஐட் லேடி ஆஃப் த லோலேண்ட்ஸ்’. 1966 இல் டிலன் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டில் ஒரு முழுப் பக்கத்தை நிறைத்த பாட்டு அது. தாம் மணந்த ஸாராவுக்காகவே அதை எழுதியதாகப் பத்தாண்டு கழித்து வேறொரு பாட்டில் டிலன் வெளிப்படையாகவே தெரிவித்தார். ஆக, தம் இடத்தில் வந்த பெண்ணைப் புகழ்ந்து தம் முன்னாள் காதலர் எழுதிய வாழ்த்தை, பதினொரு நிமிடத்துக்கு மேல், ஓரடியும் குறைக்காமல் பாயெஸ் பாடியிருக்கிறார்.

இதை எப்படிப் பாடியிருக்கலாம்? ஏளனமாகப் பாடியிருக்கலாம்; அழுது பாடியிருக்கலாம்; பாடாமலே விட்டிருக்கலாம். மூன்றையும் அவர் செய்யவில்லை. அமைதியாக, மரியாதையாக, ஒரு வேலையை முடிக்கும் கவனத்தோடு பாடுகிறார். கலை என்ற வகையில் இது தொகுப்பின் உச்சம் என்று சொல்ல மாட்டேன். அடுக்கடுக்கான உவமைகளின் நடுவே அந்தச் சீரான குரல் சோர்வு தட்டச் செய்கிறது. டிலனின் குரலில் இருந்த தூக்கமற்ற இரவின் களைப்பு இதில் இல்லை. ஆனால் ராவியின் அறம் என்ற வகையில் இதைவிட உயர்ந்ததைக் காட்டுவது அரிது. தனக்கு வலிக்கிறது என்பதற்காகப் பாட்டின் எடையைக் குறைக்காதவரே உண்மையான ராவி.

தேர்வையும் நோக்க வேண்டும். டிலனின் புகழ்பெற்ற போர்க்கண்டனப் பாடல்களைத் தேர்ந்திருந்தால், “பார், நீ ஒருகாலத்தில் எழுதியது!” என்று அவரை ஊரறியக் குத்திக்காட்டியிருக்கலாம். போரை எதிர்த்துச் சிறை சென்ற பாயெஸின் இந்தப் பதினாறில் அப்படிப்பட்ட பாட்டு ஒன்றுகூட இல்லை. பிறர் சொல்லைக் கொண்டே பிறரைத் தாக்கும் எளிய வழியை அவர் எடுக்கவில்லை. தொகுப்பின் இறுதியில் ‘ரெஸ்ட்லெஸ் ஃபேர்வெல்’ என்னும் விடைபெறும் பாட்டை வைத்தார். டிலன் 1964 தொகுப்பை முடித்த பாட்டும் அதுவே. அவர் ஊராரிடம் விடைபெற எழுதியதைக் கொண்டே, இவர் அவரிடம் விடைபெற்றுக் கொண்டார் என்று நான் கொள்கிறேன்.

முடிவுரை

ஆக, மாணவரின் கூற்று சரியா? பெரும்பாலும் சரியே. இருபது நிமிடக் கேளிக்கைக்காகக் கேட்பவருக்கு இத்தொகுப்பு இனிய குரலின் விருந்து, அவ்வளவே. கசப்பை வேண்டும் பாடல்களில் அந்த இனிமை தடையாக நின்றதும் உண்மை. ஆனால் அழகை அடக்கிச் சொல்லுக்கு இடம்விட்ட நான்கைந்து பாடல்களில், எழுதியவர் அறியாத பொருளைப் பாடியவர் வெளிக்கொணர்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் கூறி முடிக்கிறேன். அவ்ஸுக்கு ராவியாக இருந்த ஸுஹைர் பின்னர் தாமே பெருங்கவிஞரானார். ஸுஹைரின் ராவி ஹுதைஆவும் அவ்வாறே. அரபு மண்ணில் கவிஞனாவதற்கு அதுவே கல்விக்கூடம்: முதலில் பிறர் பாட்டை முழு நேர்மையோடு சுமக்க வேண்டும், சுமந்த தோளில்தான் சொந்தப் பாட்டு முளைக்கும். பாயெஸ் 1975 இல் ‘டயமண்ட்ஸ் அண்ட் ரஸ்ட்’ என்னும் தம் சொந்தப் பாட்டை வெளியிட்டார். டிலனோடு கழிந்த நாட்களை நினைந்து எழுதிய அப்பாட்டில் பாசமும் உண்டு, கூரிய கேலியும் உண்டு. அன்று பிறர் பாட்டில் தாம் விட்டுவிட்ட கசப்பை, தம் பாட்டில் சரியான அளவில் வைக்க அவர் கற்றிருந்தார். அதே தொகுப்பில் டிலனின் பாட்டு ஒன்றைப் பாடும்போது இடையே அவர் குரலைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்கவும் செய்தார். 2016 இல் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 2019 இல் பாயெஸ் தம் சுற்றுப்பயணங்களை நிறைவு செய்தார். கவிஞருக்குக் கிடைத்த மாலையில் ராவிக்கும் ஒரு பூ உண்டு என்பதை, ராவிகளின் நாவினால் வாழ்ந்த இலக்கியத்தைக் கற்ற நாம் மறவாதிருப்போம்.